இரண்டு கரண்டிச் சீனி, ஐந்து கரண்டி இனிப்பு

போன கிழமை புதுக்குடியிருப்பில் ஒரு கலியாண வீட்டில், சபை நடுவில், இன்னொருவருடைய கிளாஸை வாங்கி நான் ஒரு மிடறு குடித்தேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் யாரோ, "உவா ஆர்? ஆற்றையோ கிளாஸிலை வாய் வைக்கிறா!" என்றது எனக்குத் தெளிவாகவே கேட்டது. கேட்கட்டும். மலமும் சலமும் சோதிக்கிற எனக்கு எச்சில் ஒரு பெரிய விஷயமா?

கிளாஸ் மணப்பெண்ணின் தகப்பனுடையது. பெயர் மனுவல் அண்ணை. முல்லைத்தீவுக் கரையோரத்து மீன்பிடிக்காரர். கடைசி மகளின் கலியாணம். தேவாலயத்தில் பூசை முடிந்து, பந்தலில் கேக் வெட்டி, மகள் தன் கையாலேயே தகப்பனுக்கு ஒரு கிளாஸ் சிவப்புச் சோடா கொடுத்தாள். வாங்கினார். குடிக்கவில்லை. சபையைச் சுற்றிப் பார்த்தார். என்னைக் கண்டதும் கண்ணால் கூப்பிட்டார்.

போனேன்.

"பிள்ளை, ஒருக்கா வாயிலை வைச்சுப் பாத்துச் சொல்லு."

வாயில் வைத்தேன். சொன்னேன். என்ன சொன்னேன் என்பது கடைசியில். அதற்கு முன், நான் ஏன் ஊரார் கிளாஸில் வாய் வைக்கிற ஆளானேன் என்று சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன் என்பது இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது எனக்கு வேறு வேலை. உணவுப் பொருள்களைச் சோதிக்கிற ஓர் ஆய்வுகூடம். மிளகாய்த் தூளில் செங்கல் தூள் இருக்கிறதா? பாலில் தண்ணீர் எவ்வளவு? சோடாவில் போட்டது சீனியா, சக்கரினா?

சக்கரின் என்றால் செயற்கை இனிப்பு. ஒரு சிட்டிகை போதும் — ஒரு வாளித் தண்ணீர் இனிக்கும். உடம்புக்குள் போய்ச் சீனியாக மாறாது. வந்த வேலை நாக்கோடு முடிந்தது. அப்படியே வெளியே போய்விடும்.

சோடாவில் அது எவ்வளவு என்று அளக்கிற விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். சோடாவை எடுத்து, அசிட் விட்டுப் புளிப்பாக்க வேண்டும். அதனோடு ஈதர் சேர்க்க வேண்டும். இரண்டையும் பிரிபுனலுக்குள் விட்டுக் குலுக்க வேண்டும். பிரிபுனல் என்றால், அடியில் திருகுவாய் வைத்த ஒரு கண்ணாடிக் குடுவை. குலுக்கி நிறுத்தினால்... கொஞ்ச நேரத்தில் இரண்டு படை பிரியும். மேலே ஈதர். கீழே சோடா. சீனி கீழேயே நின்றுவிடும். சக்கரின் மட்டும் மேலே ஏறிவிடும். அந்த ஈதரை எடுத்து ஆவியாக விட்டால் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக ஒரு பொடி. அதைத் தண்ணீரில் கரைத்து, நிறங்காட்டி ஒரு சொட்டு விட்டு, எரிசோடாக் கரைசலைத் துளித் துளியாக விட வேண்டும். நிறம் மாறுகிற துளியோடு நிறுத்த வேண்டும். எவ்வளவு எரிசோடா போனதோ, அதைக் கொண்டு சக்கரின் இவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். 

அந்த இரண்டு படையும் பிரிகிற நேரம் இருக்கிறதே... அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. எது எது என்று தானாகப் பிரிந்து நிற்கும். சத்தியம் தேவையில்லை. ஊர்க்கதை தேவையில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் போதும். இன்றைக்கு எது அப்படிப் பிரிந்து நிற்கிறது, சொல்லுங்கள்?

சண்டை நெருங்கி யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட அன்று ஆய்வுகூடத்துக்குப் போய், ஒரு பிரிபுனலை எடுத்துச் சேலைக்குள் சுற்றினேன். வாசல் வரைக்கும் வந்தேன். பிறகு, இது அரசாங்கச் சாமான் அல்லவா என்று திரும்பிப் போய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். எவ்வளவு நேர்மை! அந்த அலுமாரிக்கு இப்போது கதவு இருக்கிறதோ தெரியாது. அந்தக் கட்டடத்துக்குக் கூரை இருக்கிறதோ தெரியாது. நான் பூட்டிவிட்டு வந்தேன்.

வந்து சேர்ந்த இடம் தர்மபுரம். கிளிநொச்சிச் சனம், யாழ்ப்பாணச் சனம், கரையோரச் சனம் எல்லாம் ஒன்றாகக் குவிந்திருந்த காலம். ஓலைக் கொட்டிலில் ஆஸ்பத்திரி. அதன் ஓரத்தில் என் ஆய்வுகூடம். ஒரு மேசை, ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு தகர அடுப்பு, ஒரு பெரிய போத்தல் பெனடிக்ற் கரைசல்.

பெனடிக்ற் என்பது நீலத் தண்ணீர். நோயாளியின் சலத்தில் சில துளிகளை அதற்குள் விட்டுச் சூடாக்கினால், சீனி இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. கூடினால் மஞ்சள். நிறைய இருந்தால் செங்கல் நிறம்.

மனுவல் அண்ணைக்கு எப்போதும் செங்கல்.

வாழ்நாள் முழுக்க மணலில் வெறுங்காலோடு நடந்த மனிதர். இடம்பெயர்ந்து காட்டோரம் வந்த பிறகும் செருப்புப் போட மாட்டார். "செருப்புப் போட்டால் நிலம் தெரியாது பிள்ளை" என்பார். விறகு வெட்டப் போன இடத்தில் காரை முள் ஏறியது. முள் வெளியே வந்துவிட்டது. புண் ஆறவில்லை. அப்போதுதான் நீரிழிவு என்று தெரிந்தது. டொக்டர் ஒளிக்காமல் சொன்னார் — சீனி இறங்காவிட்டால் கால் போகும்.

மருந்து? வந்தால் கொடுப்போம். வராத நாட்கள்தான் அதிகம். அதனால் வைத்தியம் முழுவதும் வாயைக் கட்டுவதுதான். அண்ணை சோற்றைக் குறைத்தார். வாழைப்பழத்தை விட்டார். ஒன்றை மட்டும் விட முடியவில்லை. விடியற்காலையில் கடலில் இறங்க முன், மனைவி திரேசக்கா ஊற்றிக் கொடுத்து வந்த வெறுந்தேத்தண்ணி.

"கரண்டி நட்டுக்கொண்டு நிக்கும் பிள்ளை, அவ்வளவு சீனி. அதைக் குடிச்சுப்போட்டு வள்ளத்தைத் தள்ளினால், கரை திரும்பும் மட்டும் பசி எண்டதே இல்லை."

திரேசக்கா விடமாட்டார். "இப்ப கடலும் இல்லை, வள்ளமும் இல்லை. தேத்தண்ணி மட்டும் என்னத்துக்கு?"

"அதைத்தானே நானும் சொல்லுறன். ரெண்டும் போயிட்டுது. மூண்டாவதையாவது தாவன்."

"சலத்தைக் கொண்டாங்கோ" என்று கத்தினேன். பதில் தெரியாவிட்டால் நான் கத்துவேன்.

இந்த நேரத்தில்தான் சிவராசா சோடா விற்கத் தொடங்கினார். குடியேற்றத் திட்டத்துக் காணியில் வயல் செய்தவர். அந்தப் போகம் வயல் பக்கம் போக முடியவில்லை. தெருவோரம் ஒரு கொட்டில் போட்டார். சோடா என்று பெயர்தானே தவிர காஸ் கிடையாது. கொதித்தாறின தண்ணீர், சிவப்புக் கலர், எசென்ஸ், இனிப்பு. பழைய போத்தலில் அடைத்து, வாயைப் பொலித்தீனால் மூடி, இறப்பர் போட்டிருப்பார்.

சீனிக்குத் தட்டுப்பாடு. நாங்கள் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடிக்கிறோம். இந்த ஆளுக்கு மட்டும் இவ்வளவு இனிப்பு எங்கேயிருந்து? சக்கரின் என்று ஊர் முடிவு கட்டியது. சிவராசா நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்தார். "அசல் சீனி! பிள்ளையாராணை அசல் சீனி!"

ஊரெல்லாம் முகம் சுளித்த கதை, ஒரே ஒருவருக்கு மட்டும் நல்ல செய்தியாகப் போய்ச் சேர்ந்தது.

நீரிழிவுக்காரர் சீனிக்குப் பதிலாகச் சக்கரின் சேர்க்கலாம் என்று எப்போதோ யாரோ சொன்னது மனுவல் அண்ணையின் மனதில் கிடந்திருக்கிறது. நான் இல்லாத நேரம் பார்த்து ஆய்வுகூடத்துக்கு வந்து, அங்கே நின்ற சிற்றூழியரைப் பிடித்து, சிவராசாவின் சோடாவைப் பெனடிக்ற்றில் விட்டுக் காய்ச்சிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவரும் செய்து கொடுத்திருக்கிறார். நீலம் நீலமாகவே நின்றிருக்கிறது.

போதாதா? ஊரும் சக்கரின் என்கிறது. நீலத் தண்ணீரும் சீனி இல்லை என்கிறது. அன்றிலிருந்து தினமும் ஒரு போத்தல்.

செங்கல் இன்னும் சிவந்தது. புண்ணின் ஓரம் கறுத்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புருஷனையும் பெண்சாதியையும் இருத்தி வைத்து விசாரித்தேன்.

"பனங்கட்டி கடிக்கிறியளோ அண்ணை?"

"மாதாவாணை இல்லை."

"பாணுக்கு ஜாம்?"

"ஜாமோ! ஜாமைக் கண்டு எவ்வளவு காலம். போத்தல் மட்டும் கிடக்கு, அதிலைதான் விளக்கெரியுது."

திரேசக்காவால் பொறுக்க முடியவில்லை. "தங்கச்சி, இந்த மனிசன் சிவராசாவின்ரை சோடாவை ஊத்துது. ஒவ்வொரு நாளும்."

"அது சக்கரினடி! உவவின்ரை நீலத் தண்ணியிலையே காய்ச்சிப் பாத்தாச்சு. மாறேல்லை!"

எனக்கு வந்த கோபத்தை அப்படியே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

சலத்தில் வருகிற சீனி வேறு, கடைச் சீனி வேறு. கடைச் சீனி என்பது இரண்டு சீனிகள் கைகோத்து நிற்பது. கைகோத்து நிற்கும்வரை பெனடிக்ற்றுக்கு அது தெரியாது. ஒரு கிலோ சீனியைக் கரைத்துக் கொடுத்தாலும் நீலம் நீலமாகவே நிற்கும். அசிட் விட்டுக் காய்ச்சி அந்தக் கைகளைப் பிரித்தால்தான் நிறம் வரும்.

இது மனுவல் அண்ணைக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது நீலம் நல்லது, செங்கல் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். செங்கல் வந்திருந்தால், இன்னொரு முறை காய்ச்சிப் பார் என்று நிச்சயம் கேட்டிருப்பார். நீலம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் அப்படித்தானே? விரும்பின நிறம் வந்துவிட்டால் அடுப்பை அணைத்துவிடுகிறோம்.

"அப்ப அது சீனியோ பிள்ளை?" என்று கேட்டார்.

"தெரியாது. பாக்கவேணும். பாக்கும் மட்டும் ஒரு சொட்டும் வாயிலை படக்கூடாது."

"சக்கரினாத்தான் இருக்கும்," என்றார். எனக்குச் சொன்னாரோ மாதாவுக்குச் சொன்னாரோ தெரியாது.

எப்படிப் பார்ப்பது? பிரிபுனல் இல்லை. அசிட் போத்தல் எப்போதோ காலி. அசிட் இந்தப் பக்கம் வர அரசாங்கத்தின் தடை. ஈதர் ஆஸ்பத்திரியில் இருந்தது — சத்திரசிகிச்சை அறையில், ஆளை மயக்க வைத்திருந்த ஒரே ஒரு போத்தல். சோடாவுக்கு வேண்டும், கொஞ்சம் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனுவல் அண்ணையின் காலை எடுக்க வேண்டி வந்தால் அந்த ஈதர்தான் வேண்டும்.

அசிட் இல்லாவிட்டால் என்ன, தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், இருக்கிறது அல்லவா? புளிதானே வேண்டும். வேகம் குறைவு, அதனால் கூட நேரம் காய்ச்ச வேண்டும். ஆனால் தேசிக்காய்க்குள்ளும் கொஞ்சம் சீனி உண்டு. அது வேறு குழப்பும். ஆகவே வெறும் தண்ணீரில் தேசிப்புளி விட்டு இன்னொரு குழாய், ஒப்பிட்டுப் பார்க்க. அளவு தெரிய வேண்டுமென்றால், ஒரு கிளாஸுக்கு ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்று கரண்டி என்று ஆறு கரண்டி வரைக்கும் சீனி கரைத்த தண்ணீர் வேண்டும். அதற்குத் திரேசக்கா வீட்டில் இருந்த சீனி முழுவதையும் ஒரு மீன்டின்னில் கொண்டு வந்தார். "உந்தாள் இருக்கிற வீட்டிலை இது இருக்கிறதைவிட இஞ்சை இருக்கிறது நல்லது" என்றார்.

சோடாவைக் கொண்டு வந்தவர் சிவராசாவேதான். கதை அவர் காதுக்கு எட்டிவிட்டது.

"மிஸ், என்ரை வயித்திலை அடிக்காதேங்கோ. சக்கரின் எண்டு எழுதிக் குடுத்திடாதேங்கோ."

"நான் ஒருத்தருக்கும் எழுதிக் குடுக்கேல்லை. இந்தாளின்ரை காலைப் பாருங்கோ."

பக்கத்தில் இருந்த மனுவல் அண்ணையின் கால் கட்டை அவிழ்த்துக் காட்டினேன். சிவராசா பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாவற்றையும் ஒரே அளவு தண்ணீர் விட்டு ஐதாக்கினேன். தேசிப்புளி விட்டுக் காய்ச்சினேன். புளிப்பை அடக்க அப்பச்சோடா போட்டேன். பிறகு ஒவ்வொன்றாகப் பெனடிக்ற்றில் விட்டு, கொதிநீர்ச் சட்டிக்குள் குழாய்களை வரிசையாக நிறுத்தினேன். வெறும் தேசிப்புளிக் குழாய் நீலத்தில் ஒரு மெல்லிய பச்சை, அவ்வளவுதான். சிவராசாவின் சோடா மஞ்சளாக மாறியது. இரண்டு கரண்டிச் சீனிக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே மஞ்சள்.

சோடாவில் சீனி இருக்கிறது. ஒரு கிளாஸுக்கு இரண்டு கரண்டி.

சிவராசா எழும்பி நின்றார். "நான் சொன்னன்! அசல் சீனி எண்டு சொன்னனான்!"

மனுவல் அண்ணை கட்டுப் போட்ட காலை மெல்ல தான் இருந்த வாங்குப் பலகைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"இருங்கோ, இன்னும் முடியேல்லை," என்றேன்.

சக்கரின் இருக்கிறதா என்று சொல்ல என்னிடம் இருந்த ஒரே கருவி நாக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு சோடாவில் ஒரு வாய். துப்பு. வாயைக் கொப்பளி. பிறகு சீனித் தண்ணீர்களில் ஒவ்வொரு வாய். எந்தக் கிளாஸின் இனிப்பு சோடாவின் இனிப்போடு ஒத்து வருகிறது? ஒரு நாக்கை நம்பக் கூடாது. நான் பார்த்தேன். ஐந்து கரண்டி. திரேசக்கா பார்த்தார். ஐந்து கரண்டி.

இரண்டு கரண்டிச் சீனி. ஐந்து கரண்டி இனிப்பு. மிச்ச மூன்று கரண்டி ஆகாயத்திலிருந்து வந்ததா?

சிவராசாவைப் பார்த்தேன். அவர் நாக்குச் சோதனைக்கே வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் மனுவல் அண்ணை வாய் திறந்தார். "பிள்ளை, நானும் ஒருக்காப் பாக்கட்டே?"

"இல்லை."

"துப்பிப் போடுவன். மாதாவாணை."

"இல்லையெண்டால் இல்லை."

"ஒரு நாக்கை நம்பக்கூடாது எண்டு நீதானே சொன்னனி. ரெண்டும் பொம்பிளையளின்ரை நாக்கு. ஆம்பிளை நாக்கு ஒண்டு வேண்டாமே?"

திரேசக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு மனம் இளகியது. இளகியிருக்கக் கூடாது, ஆனால் இளகியது. ஒரு கரண்டிச் சீனித் தண்ணீரை, ஆகக் குறைந்ததை, ஒரு வாய் கொடுத்தேன்.

வாயில் வாங்கினார். கண்ணை மூடினார். துப்பவில்லை. விழுங்கவும் இல்லை. கன்னம் இரண்டும் உப்பி, அப்படியே இருந்தார். அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. "இஞ்சாருங்கோ..." என்றார் திரேசக்கா மெதுவாக. அவர் அசையவில்லை. எங்கே இருந்தாரோ. கரையில் வள்ளத்துக்குப் பக்கத்தில் இருந்தாரோ. பிறகு எழும்பி, நொண்டி நொண்டி வாசலுக்குப் போய், வேலியடியில் துப்பினார்.

"எத்தனை கரண்டி அண்ணை?"

"சோடா மாதிரித்தான் பிள்ளை. அதைவிடக் கூடவெண்டும் சொல்லலாம்."

இரண்டாவதைக் கொடுத்தேன். அதையும் அப்படியே சொன்னார். தேசிப்புளி விட்ட வெறும் தண்ணீரைக் கொடுத்தேன். "இதிலும் இருக்கு," என்றார்.

நாக்கு என்ற கருவி அவரிடம் பழுதாகவில்லை. ஏங்கிக் கிடந்தது. ஏங்கிக் கிடக்கிற நாக்கை வைத்து எதையும் அளக்க முடியாது. அதற்கு எல்லாமே இனிப்பு.

இதை எழுதும்போது என்னைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மேலே பிரிபுனலைப் பற்றி அப்படி உருகி எழுதியிருக்கிறேனே... உண்மை என்ன? அந்த ஆய்வுகூடத்தில் கைகழுவுகிற தொட்டி எப்போதும் அடைத்துக்கிடக்கும். திருகுவாய் ஒழுகும். ஈதர் மணத்தில் கிழமையில் பாதி நாள் தலையிடி. மேலதிகாரி என்னை ஏசாத நாள் கிடையாது. இவ்வளவும் எனக்கு நினைவிருக்கிறது. இருந்தும் யாராவது கேட்டால் என்ன சொல்கிறேன்? சொர்க்கம் என்கிறேன். இங்கே இருக்கிற எங்கள் எல்லோரையும் பாருங்கள். விட்டுவிட்டு வந்த கிணற்றுத் தண்ணீர் இனிப்பு, விட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் தங்கம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிக்கு வழக்குப் போட்டதை மறந்துவிட்டோம். பொய் சொல்கிறோம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் நாக்கை அளவுக்கு எடுக்காதீர்கள் என்கிறேன்.

சரி, சிவராசா.

"சீனி கிடைக்கேல்லை மிஸ். சனத்துக்கு இனிப்பு வேணும். ரெண்டையும் கலந்தன்." குரல் இறங்கியிருந்தது. "தனிச் சக்கரின் போட்டால் கைக்கும், பிடிபட்டிடும்."

"போத்தலிலை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் ஆர் வாங்குவினம்?"

"நான்," என்றார் மனுவல் அண்ணை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"சீனியே போடாமல், சக்கரின் மட்டும் போட்டு எனக்கு ஒண்டு செய்து தா தம்பி. நான் வாங்குறன்."

"மற்றச் சோடாவோடை மாறிப்போனால் அண்ணை? எல்லாம் ஒரே சிவப்பு."

மனுவல் அண்ணை இடுப்பிலிருந்து ஒரு துண்டு நீல நூலை எடுத்தார். வலை பொத்துகிற நூல். கடலில் ஒவ்வொருவரும் தங்கள் வலையின் மிதப்புக்குத் தங்கள் நிறத்தில் ஏதாவது கட்டி வைப்பார்கள், யாருடையது என்று தெரிய. அவருடைய நிறம் நீலம். "இதைக் கழுத்திலை கட்டு. என்ரை எண்டு தெரியும்."

இரண்டு நாளில் சிவராசா, கழுத்தில் நீல நூல் கட்டிய ஒரு போத்தலோடு வந்தார். "சோதியுங்கோ மிஸ்." சோதித்தேன். தேசிப்புளி விட்டு நன்றாகக் காய்ச்சி, பெனடிக்ற்றில் விட்டேன். வெறும் தேசிப்புளிக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே நிறம். சீனி இல்லை. நான் சிரித்திருக்க வேண்டும்; திரேசக்கா சிலுவை அடையாளம் போட்டார்.

"குடியுங்கோ அண்ணை. முழுவதும் உங்களுக்குத்தான்."

மனுவல் அண்ணை பெரிதாக ஒரு வாய் எடுத்தார். விழுங்கினார். காத்திருந்தார். இன்னொரு வாய். போத்தலை மேசையில் வைத்தார்.

"என்னண்ணை?"

"இனிக்குது. பிள்ளை பட்ட பாட்டுக்கு நான் குறை சொல்லேல்லை." கையால் வாயைத் துடைத்தார். "ஆனால் இது நாக்கிலையே நிண்டுகொண்டு நிக்குது. உள்ளுக்கை ஒண்டும் வந்து சேரேல்லை. ஆரோ வாசலிலை வந்து நிண்டு கூப்பிட்டுப்போட்டு, உள்ளுக்கை வராமல் போற மாதிரி."

ஒரு போத்தலை எப்படியோ முடித்தார். பிறகு கேட்கவில்லை. வெறுந்தண்ணீருக்கு மாறினார். செங்கல் மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாக நெடுங்காலம் எடுத்தது. புண் கறுப்புக் குறைந்து, சிவந்து, சுருங்கி, ஒரு நாள் மூடியது. செருப்பும் போட்டார். திட்டித் திட்டிப் போட்டார். நீல நூல் போத்தல் மட்டும் நிற்கவில்லை. வேறு நீரிழிவுக்காரர்கள் சத்தமில்லாமல் வந்து வாங்கிப் போனார்கள். ஊர் என்ன பேசியதோ, சிவராசா அதற்குப் பிறகு பிள்ளையாரைக் கூப்பிடவில்லை.

இப்போது கலியாண வீட்டுக்கு வாருங்கள்.

கிளாஸ் என் கையில். மனுவல் அண்ணையின் கண் என் முகத்தில். நாக்கில் வைத்ததும் தெரிந்துவிட்டது. கைப்பு இல்லை. பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிற அந்தச் சக்கரின் சுவை இல்லை. கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிற சீனி. மாதக்கணக்காக யாரோ கிள்ளிக் கிள்ளிச் சேர்த்த சீனி. சபைக்கு அப்பால் பார்த்தேன். புதுச் சேலையில் திரேசக்கா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சக்கரினே பிள்ளை?"

"இல்லையண்ணை. சீனி."

"வடிவாப் பாத்தனியே?"

"பாத்தன்."

"சக்கரின் எண்டு ஒருக்காச் சொல்லன்." சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கண் சிரிக்கவில்லை.

எனக்குப் பொய் சொல்ல வராது. பழகவில்லை. "சீனியண்ணை. அசல் சீனி," என்றேன், வழக்கத்தைவிடச் சத்தமாக.

கிளாஸை வாங்கினார். மகள் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, ஒரே ஒரு வாய் எடுத்தார். கன்னம் இரண்டும் உப்பின. கண்ணை மூடினார். மிச்சத்தை என் கையில் தந்தார். பிறகு எழும்பி, பந்தலைத் தாண்டி, கதிரைகளுக்கு நடுவால், ஆறுதலாக, இரண்டு காலாலும் நடந்து வேலியடிக்குப் போனார்.

எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். துப்பினாரா, விழுங்கினாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் அளந்துதான் ஆக வேண்டுமா என்ன?